காலையில் ஒரு சிரிப்பு

என் வீட்டுக்காரர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவிலேயே, வரப்பை வெட்டியவனைப் பார்ப்பது போல முறைத்துக்கொண்டு நிற்பார். அந்த மனிதரை இப்போது தினமும் காலையில் எழுப்பி உட்காரவைத்து, "சிரிங்க" என்கிறேன். வேண்டாவெறுப்பாகப் பல்லைக் காட்டுவார். வாய் கோணுகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் கையைத் தூக்க வேண்டும், ஏதாவது பேச வேண்டும். வலது கை தோள் வரைதான் ஏறும். நேற்று ஏறிய அளவு இன்றும் ஏறினால்தான் எனக்கு அடுப்படியில் வேலை ஓடும்.

போன குறுவை அறுவடையில் வந்தது இந்தப் பக்கவாதம். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டியிருந்தோம். தராசு நம் குவியலுக்கு வரும்போது நாம் பக்கத்தில் இல்லையென்றால் அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள். அதனால் இவர் அங்கேயே பழியாகக் கிடந்தார். பிரஷர் மாத்திரை போட்டால் அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது, அந்த நேரம் பார்த்துத் தராசு வந்துவிட்டால் என்ன செய்வது என்று மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே மானத்தை வாங்கியிருப்பேன்.

அன்று சாப்பாடு கொண்டுபோனேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து கயிறு நழுவியது. எடுத்தார், மறுபடியும் நழுவியது. "என்னங்க?" என்றேன். ஏதோ சொன்னார், பேச்சாக வரவில்லை.

பக்கத்துக் குவியல்காரர், "வெறும் வயித்தோட நின்னாருல்ல, வாயு புடிச்சிருக்கும்க்கா" என்று சோடா வாங்கிவந்து வாயில் ஊற்றப்போனார். தட்டிவிட்டேன். என் அண்ணனுக்கும் இப்படித்தான் சோடா கொடுத்து, திருநீறு பூசி, பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரத்தோடு வந்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம் என்றார் டாக்டர். அண்ணன் கடைசிவரை கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஊர்க்காரர் ஒருவர் காரைக் கொண்டுவந்தார். இவர் ஏற மறுத்தார். இடது கையால் கதவை இறுக்கிப் பிடித்தபடி குவியலையே பார்த்தார். தராசு இரண்டு குவியல் தள்ளி நின்றது. உயிர் போகிற நேரத்தில் இந்த மனுஷனுக்கு நெல்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனையையும் வாரி இறைத்திருப்பேன். வாய் கோணிக்கொண்டே போனது.

"பக்கத்துக் குவியல் தம்பி நம்ம குவியலுக்கும் நிப்பாரு, சொல்லிட்டேன். ஏறுங்க" என்றேன். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர் பிடி தளர்ந்தது. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை அவர் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்கேன் எடுத்து ஊசி போட்டார்கள். நேரத்துக்குள் வந்துவிட்டோம். ஆனால் அன்று சாயங்காலமே மழை கொட்டியது. தராசு எங்கள் குவியலைத் தாண்டிப் போய்விட்டது. தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைத்துவிட்டது. கண் விழித்தவர் என்னையே பார்த்தார், என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? "எடை போட்டாச்சுங்க" என்றேன். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு வாய் நேரானது. பேச்சுதான் திரும்பவில்லை. தண்ணீர் கேட்க நினைத்தால் சாவி என்று வரும். சொல் கிடைக்காமல் சில நாள் அழுவார். மறுபடியும் வரலாம், மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். விழுங்குகிறவரை எதிரிலேயே நிற்பேன். "மறுபடியும்" என்ற அந்தச் சொல்லோடுதான் நான் தூங்கி எழுகிறேன்.

போன வாரம் ஒரு நாள், "சிரிங்க" என்றேன். முகம் அசையவில்லை. "ஏங்க, சிரிங்க!" கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கவில்லை. வாசலுக்கு ஓடிக் காரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். திரும்பி வந்து அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"நெல்லு... மொளச்சுப் போச்சுன்னு... ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

முந்தின நாள் பார்க்க வந்த பக்கத்துக் குவியல்காரர் உளறிவிட்டுப் போயிருக்கிறார். இவர் கேட்டதில் ஒரு சொல்கூட மாறவில்லை. நோய் வந்தபிறகு இவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகத்தையே பார்த்தேன். கோணல் இல்லாமல், கோபம் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.