என் புருஷன் கட்டிய வீடு

என் புருஷன் ஜவாத் ஒரு வீடு கட்டியவர். நான்கு அறை, முன்னும் பின்னும் விறாந்தை, வாசலுக்குத் தேக்குக் கதவு. அந்த வீட்டில் இருப்பது அவருடைய தங்கை பைறோஸா. நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், இன்னொருவர் வீட்டு மேல்மாடியில், வாடகைக்கு. இருபது வருஷமாக இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரியவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

பிழை எங்கே நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜவாத்தின் ஊர் அம்பாறைப் பக்கம். வயலுக்கும் குளத்துக்கும் நடுவில், ஒரு பள்ளிவாசலைச் சுற்றி இருநூறு வீடு, அவ்வளவுதான். அவருக்கு வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் வேலை. பக்கத்துத் தெஹிவளையில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வாப்பா கேட்டார், "தம்பிக்கு ஊர்ல ஊடு வாசல் ஈக்குதா?"

ஜவாத் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், ஊடொண்டு கட்டிட்டிருக்கன். கூரை மட்டுந்தான் மிச்சம்" என்றார்.

வாப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கொழும்பில் ஒருவன் வீடு கட்டுகிறேன் என்றால் தனக்குத்தான் கட்டுகிறான். அவர்கள் ஊரில் ஓர் இளைஞன் வீடு கட்டுகிறேன் என்றால் தங்கைக்குக் கட்டுகிறான் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய்ச் சேர வேண்டியவன். அதனால் ஜவாத்தும் தன் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்: தாங்கள் உட்கார்ந்திருந்த தெஹிவளை வீடு எனக்கென்று வைத்திருக்கும் வீடு என்று. அது வாடகை வீடு. கலியாணம் முடிந்து நாலாம் நாள்தான் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கியது. அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை.

மனிதரைக் குறை சொல்ல வழியில்லை என்பதுதான் பெரிய கரைச்சல். இருபத்தைந்து வயதில் கொழும்புக்கு வந்தவர், எட்டு வருஷம் கடையின் மேல்தட்டில் துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருக்கிறார். பகல் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கி, பாதியை இரவுக்கு மூடி வைப்பாராம். மிச்சம் பிடித்ததெல்லாம் ஊருக்குச் சீமெந்தாகவும் கம்பியாகவும் போனது. தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடிக்காமல் தனக்குப் பெண் பார்க்கவும் விடவில்லை. கடையில் இன்றைக்கும் அவரைப் போலச் சாறி விரிக்க ஆளில்லை. கலியாணச் சாறி எடுக்க வருகிற யாழ்ப்பாணத்து அம்மாமார் வாசலிலேயே "ஜவாத் தம்பி நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்கள். முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார். வெட்கமே கிடையாது.

நாங்கள் இதுவரை ஐந்து வீடு மாறிவிட்டோம். இப்போதிருப்பது கனகேஸ்வரி அன்ரியின் மேல்மாடி. தங்கமான மனுஷி. ஆனாலும் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் கீழே இறங்கிப் போய்க் கேட்க வேண்டும். ஒரு பெருநாளைக்கு ஊருக்குப் போனபோது பைறோஸா ஒரு கலண்டர் மாட்டுவதற்காக டக் டக்கென்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை.

போகிற ஒவ்வொரு முறையும் நான் அந்த வீட்டைக் கண்ணாலேயே அளந்துகொண்டு வருவேன். ஜன்னல் எத்தனை, எந்த அறைக்குப் புதிதாக டைல்ஸ் போட்டிருக்கிறது, சமைக்கிற குசினி எவ்வளவு அகலம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவளுடைய மாப்பிள்ளை பலீல் விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டு சாய்ந்திருப்பதைக் கண்டாலே ஆகாது. பாவம், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஒருமுறை பைறோஸா போன் எடுத்து, மழைக்குக் கூரை ஒழுகி மெத்தையெல்லாம் நனைந்துவிட்டது என்று அழுதாள். "ஐயோ, அல்லாஹ்" என்று நானும் சேர்ந்து வருத்தப்பட்டேன். அன்று பின்னேரம், பெருநாளைக்குச் செய்கிற இனிப்பு வட்டிலாப்பம் செய்தேன். என்ன விசேஷம் என்று ஜவாத் கேட்கவில்லை, இரண்டு துண்டு சாப்பிட்டார்.

போன வருஷம் என் மாமி, ஜவாத்தின் உம்மா, மௌத்தானார். அவர் பெயரில் அந்த வீட்டோடு ஒட்டிய இருபது பேர்ச் வெறும் வளவுக் காணி ஒன்று மிஞ்சியிருந்தது. மார்க்கச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து முதல்தடவையாக ஒரு விஷயம் என் பக்கம் சாய்ந்தது. அதை விற்றுத் தெஹிவளையிலாவது ஒரு சின்ன பிளட் வீட்டுக்கு முற்பணம் கட்டிவிட வேண்டுமென்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எனக்கென்று ஒரு கதவு, அதைப் பூட்டித் திறக்க என் கையில் ஒரு திறப்பு, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "பாப்பம்" என்று சொல்லிக்கொண்டு அவர் கடைக்குப் போய்விட்டார்.

மாமி மௌத்தாகி ஒரு வருஷம், கத்தம் ஓதி முடிந்த பிறகு பைறோஸா தன் அண்ணனுக்குப் போன் எடுத்தாள். "காக்கா, வளவு உறுதிப்பத்திரம் எழுதணும். மதினியையும் கூட்டிட்டு வாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அதையும் அவட பேருக்கு எழுதிக் குடுத்தீங்கென்டா, நீங்க அங்கயே தங்கச்சியோட இருந்துகொள்ளுங்க. இங்க வர வாணாம்" என்றேன்.

"அகீலா, விசயம் என்னண்டா..." என்று தொடங்கினார்.

"எனக்கு ஒண்டும் செல்ல வாணாம்!" என்று அறைக்குள் போய்விட்டேன். நான் போவதே தடுக்கத்தான் என்று முடிவெடுத்துக்கொண்டேன். மகள் பர்ஹாவுக்குப் பதினேழு வயது, ஏ.எல். பரீட்சை வகுப்பு விட முடியாது. அவளைத் தெஹிவளையில் என் கூடப்பிறந்த ராத்தாவிடம் விட்டுவிட்டு, அதிகாலை பஸ்ஸில் ஏறினோம். எட்டு மணித்தியாலம் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் இடையில் இறங்கி எனக்கு மட்டும் ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்து தந்தார்.

மறுநாள் காலை, உறுதி எழுதுகிற நொத்தாரிசின் வீட்டு முன்னறையில் நாங்கள் இருவரும் பைறோஸாவும் பலீலும் உட்கார்ந்தோம். நான் வாயில் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். என் புருஷனுடைய பங்கில் கை வைக்க உனக்கு என்ன உரிமை, ஒரு வீடு போதாதா உனக்கு, எல்லாம் தயார். நொத்தாரிசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நன்கொடை கொடுப்பவர்கள் ஜவாத்தும் பைறோஸாவும். பெறுபவர் ஜவாத்தின் மகள் பர்ஹா. வயது வராத பிள்ளையாதலால் தகப்பன் ஏற்றுக் கையொப்பமிடுவார்.

முழு வளவும். அவளுடைய ஒரு பங்கும் சேர்த்து.

நான் பைறோஸாவைப் பார்த்தேன். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள், "எனக்கு ரெண்டும் ஆம்புளப் புள்ளையள் மதினி. வளவு அவனுகளுக்கு என்னத்துக்கு? போற ஊட்டுக்குப் போவானுகள். காக்காட மகளுக்கு ஊடில்லாம இருந்தா ஊருல என்ன கதைப்பாங்க? எனக்கு வெக்கமில்லையா?"

"உனக்கிட்டச் சொல்லத்தான் வந்த நான், நீதான் கேக்கல்ல" என்றார் ஜவாத் என்னிடம், மெல்லமாக.

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பைறோஸாவின் கையைப் பிடித்தேன், ஏதோ சொன்னேன், அவளும் ஏதோ சொன்னாள். அந்தக் கை அடுப்பில் மாவு வறுக்கிற கை, காய்த்துப் போயிருந்தது. நிஜமாகவே அந்த நேரம் எனக்கு அவள்மீது பொறாமை இல்லை. அந்த நிலைமை ஓர் அரை மணித்தியாலம் நீடித்திருக்கும்.

பின்னேரம் ஜவாத் வளவுக்குள் இறங்கினார். ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி வேறு. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காலடியால் அளந்து அளந்து மூலைக்கு மூலை குச்சி நட்டார். "இந்தப் பக்கம் வாசல் வெச்சா குளத்துக் காத்து நேர வரும் புள்ள. முதல்ல அத்திவாரத்தப் போட்டு வெச்சிட்டா, மறுகா மெதுமெதுவா எழுப்பலாம்" என்றார். இருபத்தைந்து வயதில் தங்கைக்குக் கட்டத் தொடங்கியபோதும் இப்படித்தான் துள்ளியிருப்பார்.

"அப்ப பிளட்?" என்று கேட்டேன்.

"என்ன பிளட்? காணி எழுதியாச்சே."

"நாங்க ரெண்டு பேரும் எங்க இருக்கிற?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படியொரு கேள்வி அவருக்குத் தோன்றியே இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நாங்களா? கனகேஸ்வரி அன்ரி இருக்கிறாதானே" என்றார். "மகள் கூப்பிட்டா வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போவம்."

அப்போது என் போன் அடித்தது. பர்ஹா. பைறோஸா அவளுக்கு முதலே சொல்லிவிட்டாள்.

"உம்மா! பைறோஸா மாமி எல்லாம் செல்லிட்டாங்க! என்ட ஊட்டுக்கு மேல ஒரு மாடியும் போடோணும் செல்லி வாப்பாட்ட செல்லுங்க. பெல்கனியோட. கேக்குதா உம்மா?"

"செல்றன்" என்றேன்.

"நீங்களும் வந்து நிக்க ஏலும்! உங்களுக்கு ஒரு ரூம் தாறன்."

எனக்கு ஒரு ரூம் தருவாளாம். நான் பெற்று, பால் கொடுத்து, ஐந்து வாடகை வீட்டுக்கும் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த பிள்ளை. நல்லது மகள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வயிற்றில் அதே எரிச்சல், பைறோஸாவைப் பார்த்து இருபது வருஷம் எரிந்த அதே எரிச்சல், இப்போது என் சொந்த மகள்மீது. வெளியே சொல்லக்கூடிய விஷயமா இது?

அங்கே ஜவாத் நாலாவது குச்சியை நட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இன்னும் கட்டாத வீட்டைப் பார்த்துச் சந்தோஷமாக நின்றார். வாழ்நாளில் இரண்டாவது வீடு, இதிலும் அவர் பெயர் இல்லை, அந்த மனிதருக்கு யார்மீதும் ஒரு துளி பொறாமை கிடையாது. அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.