ஸ்டெல்லா தோற்கவில்லை

ஸ்டெல்லா அந்தப் போட்டியில் தோற்கவில்லை. ஜெயித்தவள் அவள்தான். அதைக் கண்ணால் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்... பார்த்துவிட்டு, அவள் தோற்றுப்போனாள் என்று அவளையே நம்ப வைத்தவனும் நான்தான்!

ஒரு வீடியோ கேமுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் காதர் பாய் ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், கீழே பாயின் கடை. மெஷின்கள் மெட்ராஸ்காரர் ஒருவருடையவை. பாய் இடத்தைக் கொடுத்துக் கடையைப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்த மெஷின்களில் எங்களுக்கெல்லாம் உயிர் 'வண்டு கேம்'. திரையின் மேலிருந்து வண்டுகள் அணியணியாகச் சுழன்று இறங்கும். கீழே நம்முடைய கப்பல். இடது கையால் குச்சியைப் பிடித்துக் கப்பலை நகர்த்த வேண்டும், வலது கையால் பட்டனைத் தட்டிச் சுட வேண்டும். கையிருப்புக் கப்பல்கள் எல்லாம் வெடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

நான் திண்டிவனத்துக்காரன். வீட்டில் நிலம் உண்டு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை போடுவோம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலேஜுக்கு என்று சொல்லிக் கிளம்பி, பாசஞ்சர் வண்டி பிடித்து விழுப்புரத்தில் இறங்குவேன். பாய் ஷட்டரைத் தூக்கும்போது முதல் ஆளாக நிற்பேன்.

எங்களைப் போன்ற ஆட்டக்காரர்களின் வாழ்க்கையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்போம். சுட்டுவிரலில் கொப்புளம் வந்து, உடைந்து, தோல் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். குச்சி வழுக்காமல் இருக்கக் கைக்குட்டை சுற்றிக்கொள்வோம். வடை தின்றுவிட்டு மெஷினைத் தொட்டால் பாய் கத்துவார் என்பதால் வெறும் பன்னும் டீயும்தான் மதியச் சாப்பாடு. பெரிய ஆட்டம் ஆட நினைக்கும் நாளில் அந்த டீயும் கிடையாது, நடுவில் ஒதுங்கப் போக முடியாதல்லவா? நின்று நின்று கெண்டைக்கால் கல்லாகிவிடும். ரயிலில் திரும்பும்போது கண்ணை மூடினால் வண்டுகள் இறங்கும், தொடையில் விரல் தானாகத் தட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர், பையனுக்கு ஏதோ கோளாறு என்று இடம் மாறி உட்கார்வார்.

இத்தனை பாடுபட்டு நான் அந்தக் கடையின் ராஜாவாக இருந்தேன். ஸ்டெல்லா ஆடுவதைப் பார்க்கும் வரைக்கும்.

அவள் கண்டமங்கலத்திலிருந்து டைப் கற்றுக்கொள்ள வருபவள். அவளுடைய அப்பாவுக்குப் பாண்டிச்சேரியில் மில் வேலை. அந்த மில் அடிக்கடி கதவடைக்கும், அதனால் மகளுக்குச் சீக்கிரம் ஒரு வேலை வேண்டும் என்று அனுப்பியிருந்தார். மதியம் கடையில் ஆளில்லாத நேரத்தில், டைப் அடித்த தாள்களைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வருவாள். பொம்பளைப் பிள்ளை கேம் ஆடுகிறது என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். அந்த நேரத்தில் உள்ளே இருக்க அனுமதி பெற்ற ஒரே ஆள் நான். என்னை நல்ல பையன் என்று பாய் நம்பினார்...

முதல் தடவை அவள் ஆடியதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? நாங்கள் எல்லாரும் பட்டனைப் போட்டுக் குத்துவோம், கப்பலை அங்கும் இங்கும் இழுத்தடிப்போம். அவள் அசையவே மாட்டாள். வண்டுக் கூட்டம் தலைமேல் வந்து கவியும். இதோ செத்தாள் என்று நான் மூச்சைப் பிடிப்பேன். அவள் கப்பல் ஒரு மயிரிழை விலகும். அவ்வளவுதான். குண்டுகள் எல்லாம் அவளைத் தாண்டிப் போய்விடும். ஒரு சூடு சுடுவாள், ஒரு வண்டு விழும். ஒரு சூடுகூட வீணாகாது. இது எப்படி ஒரு மனுஷியால் முடிகிறது? பதற்றமே இல்லாத முகம். மாடியில் யாரோ டைப் அடிக்கும் சத்தத்துக்கு இவள் விரல் தாளம் போடுவது போலிருக்கும்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. திரையின் உச்சியில் ஓடும் பாயிண்ட் கணக்கை அவள் பார்க்கவே மாட்டாள். டைப்ரைட்டிங்கில் விசையைப் பார்த்து அடித்தால் மாஸ்டர் ஸ்கேலால் விரலில் தட்டுவாராம். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது.

"மேல பாத்தா கை நின்னுடுதுங்க" என்பாள். "எவ்ளோன்னு தெரிஞ்சா பயம் வந்துடும்."

பஸ் நேரம் வந்ததும் பாதி ஆட்டத்தில் குச்சியை என்னிடம் கொடுத்துவிடுவாள். "இந்தாங்க, மிச்சத்த நீங்க ஆடிக்கோங்க." அவள் விட்டுப்போன கப்பல்களை வைத்து நான் ஆடி முடித்து, அதைப் பாயிடம் என் கணக்காகச் சொன்னதும் உண்டு. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆக, அவள் முழுசாக ஆடினால் எங்கே போய் நிற்பாள் என்பது யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ்காரர் பாண்டிச்சேரியில் பெரியதாக ஒரு கடை திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு இன்சார்ஜ் வேண்டும், ஆடிக் காட்டிக் கூட்டம் சேர்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், மாதச் சம்பளம். விழுப்புரத்திலிருந்து யாரை அனுப்பலாம் என்று பாயைக் கேட்டிருந்தார். பாய் எங்கள் இருவரையும் சொல்லி, ஆளுக்கு ஒரு ஆட்டம், யார் கணக்கு அதிகமோ அவருக்கு வேலை என்று முடிவு செய்தார்.

"பொண்ணா இருந்தா இன்னா? குடும்பத்தோட வருவாங்க, கடைக்கு நல்லதுதான்" என்று மெட்ராஸ்காரரிடம் பேசிச் சம்மதமும் வாங்கிவிட்டார்.

ஸ்டெல்லாவின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "எங்க ஊர்லேர்ந்து பாண்டிக்குப் பஸ்ஸு ஏறுனா பக்கங்க. அப்பாவும் ஒத்துப்பாரு. இந்த மாதிரி ஒரு வேல கெடைக்கும்னு நெனச்சிக்கூடப் பாக்கல" என்றாள். அவள் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

எனக்கு அந்த வேலை தேவையா? துளியும் தேவையில்லை!

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டி என்று வந்தால் எதிராளிதான் சாட்சி. விழுப்புரத்தில் எப்போது கரண்ட் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போனால் திரை அணைந்துவிடும், மெஷினுக்கும் எதுவும் நினைவிருக்காது. அதனால் ஆடுபவனுக்குப் பின்னால், கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு, எதிராளி கணக்கைப் பார்த்துக்கொண்டே நிற்பான். கூட்டாளி பொய் சொல்லலாம், எதிராளி கூட்டிச் சொல்ல மாட்டான் என்பது பாயின் வாதம். எதிராளி குறைத்துச் சொல்லலாம் என்பது அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை.

நான் முதல் நாள் மாலை, கடை நிறையக் கூட்டத்தோடு ஆடினேன். எட்டு லட்சத்துச் சொச்சம். அதுவரை அந்தக் கடை காணாத கணக்கு. பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பின்னால் சாட்சியாக நின்ற ஸ்டெல்லா மட்டும், "சூப்பருங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அது மனதார வந்த வார்த்தை.

மறுநாள் மதியம் அவள் முறை. வழக்கம்போல ஷட்டர் பாதி இறங்கியது. பாய் வெளியே உட்கார்ந்து கூட்டத்தைத் தடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே அவள், மெஷின், பின்னால் கை கட்டிய நான்.

அன்று நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்...

ஒரு லட்சம், இரண்டு லட்சம் எல்லாம் பேச்சுவாக்கில் போவது போலப் போயின. ஐந்து லட்சத்தைத் தாண்டும்போது என் கழுத்தில் வியர்வை வழிந்தது. வண்டுகள் மின்னலாக இறங்கத் தொடங்கின. நான் முந்தின நாள் உயிரைக் கொடுத்துக் கடந்த இடங்களை அவள் தண்ணீர்க் குடத்தோடு நடந்து போகிறவளைப் போலச் சிந்தாமல் கடந்தாள். என் கணக்கு வந்தது, பின்னால் போனது. அவளுக்கு அது தெரியாது. அவள் பார்வை திரையின் கீழ்ப்பாதியை விட்டு எழவே இல்லை.

பொறாமை வந்ததா என்று கேட்கிறீர்களா? அந்தக் கணத்தில் இல்லை. சத்தியமாக இல்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்பது போல நின்றேன். எனக்குக் கண் கலங்கியது.

ஒன்பது லட்சம். அதற்கும் மேலே... கடைசியில் திரையின் உச்சியில் ஒன்பதுகள் வரிசை கட்டி நின்றன. அடுத்து என்ன வரும்? மெஷினில் அதற்கு மேல் எண்ணுக்கு இடமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஒரு வண்டைச் சுட்டாள். அத்தனை ஒன்பதுகளும் ஒரே நொடியில் பூஜ்யங்களாயின!

மெஷினிடம் எண் தீர்ந்துவிட்டது. அவள் தீரவில்லை. ஒன்றுமே நடக்காதது போல ஆடிக்கொண்டிருந்தாள். கணக்கு மறுபடி அடியிலிருந்து ஏறியது. மெட்ராஸில், பம்பாயில் யாராவது இதைச் செய்திருப்பார்களோ என்னவோ... விழுப்புரத்தில், டைப் கிளாஸ் முடித்து வந்த ஒரு பெண் செய்தாள். என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் கை சோர்ந்தது. மிச்சமிருந்த கப்பல்கள் அடுத்தடுத்து வெடித்தன. முடிவுப் பாட்டு ஒலித்தது. திரையில் நாற்பதாயிரத்துச் சொச்சம் நின்றது.

பாய் குனிந்து உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். அவர் முகம் விழுந்தது.

"இன்னாப்பா இது, இவ்ளோ நேரம் ஆடி நாப்பதாயிரம்தானா? நீ பாத்துக்கினே இருந்தியா?"

ஸ்டெல்லா அப்போதுதான் முதன்முறையாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதும். 'சுத்திட்டு வந்துடுச்சு பாய்' என்ற ஒரே வார்த்தை! தொண்டை வரைக்கும் வந்தது. ஷட்டருக்கு அடியில் பையன்களின் கால்கள் தெரிந்தன. நேற்று என்னைத் தூக்கிக்கொண்டு ஆடியவர்கள்... அவர்கள் இன்றைக்கு அவளை அண்ணாந்து பார்ப்பார்கள். அவள் என்னைவிடப் பெரியவள் என்பது எனக்குத் தெரிந்தால் போதாதா? ஊருக்கும் தெரிய வேண்டுமா?

"பாத்துக்கினேதான் இருந்தேன் பாய். மெஷின் காட்டுறதுதான்" என்றேன்.

"ரொம்ப நேரம் ஆடுனாப்புல இருந்துச்சேங்க..." என்றாள் ஸ்டெல்லா. சண்டைக்கு அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கணக்கு விஷயத்தில் அவள் என்னைத்தான் நம்பியிருந்தாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டேனா? இல்லை. "நேரம் ஆடுறது வேற, பாயிண்ட் எடுக்கிறது வேறங்க. நீங்க சின்ன வண்டா அடிச்சிக்கினு இருந்தீங்க. பெரிய பாயிண்ட்லாம் விட்டுட்டீங்க" என்றேன். பாய் தலையாட்டினார். எதிராளி சாட்சி சொன்னால் அந்தக் கடையில் அப்பீல் கிடையாது.

அவள் மெஷினை விட்டு விலகினாள். "அப்ப எனக்கு இது தெரியலதான் போல" என்றாள். சுருட்டிய தாள்களை எடுத்துக்கொண்டு, குனிந்து, கூட்டத்துக்கு நடுவே வெளியே போனாள். யாரோ ஒருவன் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவள் கீழே வரவில்லை. டைப் முடித்துவிட்டு மாடியிலிருந்து நேராகப் பஸ்ஸுக்குப் போய்விடுவாள் என்று பாய் சொன்னார். நான் பாண்டிச்சேரிக்குப் போனேன். அந்த வேலையிலாவது ஒழுங்காக இருந்தேனா? மல்லாட்டை பிடுங்கும் காலம் வந்ததும் அப்பா கூப்பிட்டார், விட்டுவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அது பொழுதுபோக்கு. எனக்குப் பதிலாக வேறு யாரோ வந்து சேர்ந்தார்கள்.

வேலையைத் தட்டிப் பறித்ததை ஒரு பக்கம் வையுங்கள். வேலை ஒன்று போனால் இன்னொன்று வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் தான் யார் என்பதை அவளிடமிருந்தே திருடிவிட்டேனே... அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல ஒரு வாய்ப்பு தானாகவே வந்தது.

இரண்டொரு வருடம் கழிந்திருக்கும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு வீடியோ கேம் கடை வந்திருந்தது. அந்தக் கடை வாசலில் ஒரு சின்னப் பெண் உள்ளே போக வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவள் ஸ்டெல்லா. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அக்கா மகளாம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து திரும்புகிறார்களாம்.

"சித்தி, நீ ஆடிக் காட்டு சித்தி" என்று அந்தப் பிள்ளை நச்சரித்தது.

"எனக்கு அதெல்லாம் வராதும்மா. இந்த மாமா இருக்காரு பாரு, இவருதான் பெரிய ஆளு. ஒருதடவ இவர்கிட்ட ஆடி எவ்ளோ மோசமாத் தோத்தேன் தெரியுமா?" என்றாள் ஸ்டெல்லா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மனதில் எந்தக் கசடும் இல்லை.

உள்ளே அதே வண்டு கேம் ஓடும் சத்தம் கேட்டது. சின்னப் பெண் என்னை அண்ணாந்து பார்த்தாள். இப்போது சொல்... இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானும் வாயைத் திறந்தேன்.

"நீங்களும் நல்லாத்தான் ஆடினீங்க" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். பெரிய மனதோடு விட்டுக்கொடுத்துப் பேசுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் கண் லேசாகக் கலங்கியது.

"ரொம்ப தேங்க்ஸுங்க" என்றாள்.

"பரவாயில்லீங்க" என்றேன் நான்.