புல்லுக்கு ஷிஃப்ட் போட்ட அண்ணன்

எங்கள் அண்ணனை வழியனுப்பி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவர் வீட்டுப் பலாப்பழத்தைச் சாப்பிட்டிருப்பீர்கள். அவர் வளர்த்த புல்லைப் பற்றிச் சிலருக்குத்தான் தெரியும். அதை எழுதவே உட்கார்ந்தேன்.

அண்ணன் காடாம்புலியூரில் பிறந்தார். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா காலமானதும் அண்ணன் படிப்பை நிறுத்தி, நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்தார். பர்மனென்ட் ஆக நெடுங்காலம் ஆயிற்று. குவார்ட்டர்ஸ் கிடைத்த வருடம் அண்ணி ஊரிலிருந்து பலாக்கன்று கொண்டுவந்து பின்தோட்டத்தில் நட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பலா அடர்ந்து நின்றபோது அண்ணியும் உயிரோடு இல்லை.

அந்த நிழலில் எதுவும் முளைக்காது. மழை பெய்தால் குழாயடி வரைக்கும் வழுக்கும் சேறு. நான் எதற்கும் பயப்படுகிறவள். வெளியூரில் இருக்கும் என் பிள்ளைகள் போனை எடுக்கத் தாமதித்தாலே அவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுவிடுவேன். தனியாக இருக்கும் அண்ணன் அந்தச் சேற்றில் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்பதே என் ஓயாத கவலை. சிமென்ட் போடச் சொன்னேன். வேருக்குத் தண்ணீர் இறங்காது என்று மறுத்துவிட்டார். ஒரு பெரும்புயலில் அவர் குடியிருந்த பிளாக் முழுக்க மரங்கள் சாய்ந்து, எல்லார் தோட்டத்திலும் வெயில் விழுந்தது. அண்ணி வைத்த மரம் மட்டும் கிளை முறிந்து, மறுபடியும் தழைத்துக்கொண்டது.

அருகம்புல் நட்டார், வெளுத்துப் போயிற்று. நிழலில் வரும் என்று நர்சரியில் கொடுத்த அகல இலைப் புல்லும் மெலிந்து செத்தது. வல்லாரை பிடித்தது, ஆனால் நடக்கும் வழியில் மிதிபட்டு அதுவே வழுக்கியது. கடைசியில் பழைய சாமான் கடையில் கன்வேயர் பெல்ட் துண்டுகளை வாங்கி, மணை அளவுக்கு வெட்டி, மேலே மண் பரப்பிப் புல் வளர்த்தார். பாதித் துண்டுகள் முன்வாசல் வெயிலில், பாதி பின்தோட்டத்து நடைவழியில். ஞாயிறு விடிந்ததும் வெயிலில் இருந்ததை நிழலுக்கும் நிழலில் இருந்ததை வெயிலுக்கும் இடம் மாற்றுவார்.

"நாமளே வாராவாரம் ஷிஃப்ட் மாறிகினு கெடக்கறோம். புல்லு மட்டும் ஒரே எடத்துல இருட்டுலயே கெடக்கணுமாம்மா?" என்று போனில் கேட்டார்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் ஞாயிறு பூசைக்குப் போகும்போது, இந்த வாரம் நைட் ஷிஃப்ட் எந்தப் புல்லுக்கு என்று கேலி செய்வாராம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வாரம் முழுக்க அந்த வீட்டு வாசலில் அவரிடம் பேசியது அநேகமாக அந்த ஒரு குரல்தான்.

போன வருடம் ஒரு ஞாயிறு டீச்சர் போகும்போது முன்வாசலில் புல் இடம் மாறவில்லை. பூசை முடிந்து திரும்பும்போதும் மாறவில்லை. அவர் கதவைத் தட்டினார். பதில் இல்லாததால் ஆட்களை அழைத்துத் திறக்க வைத்தார். அண்ணன் கட்டிலருகே விழுந்து கிடந்தார், வாய் ஒரு பக்கம் இழுத்தபடி. நான் அத்தனை காலம் பயந்த இடத்தில் அவர் விழவேயில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு குழறலாக ஒன்றுதான் கேட்டார்.

"புல்லு... மாத்தினாங்களா?"

மறுபக்கம் நின்ற டீச்சர், "மாத்திட்டேங்க அண்ணே. நீங்க கண்ண மூடித் தூங்குங்க" என்றார்.

மறுநாள் காலை அண்ணன் போய்விட்டார். என் கை அவர் கையில்தான் இருந்தது.

அந்த ஒரு நாளை எனக்குக் கிடைக்கச் செய்த டீச்சருக்கும், தங்கள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் உடனிருந்த அண்ணனின் தோழர்களுக்கும், தோள் கொடுத்த பிளாக் பிள்ளைகளுக்கும், ஊரிலிருந்து வந்து நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டோம். புல் துண்டுகளை அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை நான் கொண்டுவந்தேன். என் வீட்டைச் சுற்றி மரமே இல்லை. எங்கே வைத்தாலும் வெயில்தான். இருந்தாலும் ஞாயிறு காலையில் வாசலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைக்கிறேன். எதிர்வீட்டு அம்மா எதற்கு என்று கேட்டார். ஒரு ஞாயிறு அது மாறாமல் இருந்தால் வந்து கதவைத் தட்டுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

— தங்கை