நூற்று எண்பத்து நான்காவது கட்டம்

2023 நவம்பர் 6, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணி. குடையை விரிப்பதா மடக்குவதா என்று தீர்மானிக்க விடாத தூறல். ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றின் படியேறினேன். ஆறு படிகள். எனக்கு வயது எழுபத்து நான்கு.

எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில், என் மனைவிக்கும் மதில்சுவருக்கும் இடையே ஓர் ஆள் கிடக்கும் அளவு இடம் இருக்கிறது. அவளை அடக்கம் செய்த அன்று, அது எனக்கு என்று அப்போதைய செயலர் வாய்ச்சொல்லாகச் சொன்னார். இப்போது அவரும் அங்கேதான் இருக்கிறார், இரண்டாம் வரிசையில். புதிய செயலர் வரைபடத்தை விரித்தார்.

“மதில் ஓரம் பாதைல்லா அண்ணாச்சி. படத்துல இல்லாத இடத்த நான் எப்படி எழுதித் தர? படத்துல இருந்தா எழுதித் தாரேன்.”

நாற்பத்தொரு வருடம் ஒரே அறையில் படுத்தவர்கள் நாங்கள். என்னைக் கொண்டுபோய் வேறு வரிசையில் போட்டுவிடுவார்கள்.

அந்த வரைபடத்தை இந்தக் கடையில்தான் வரைந்தார்கள். அதற்கான மென்பொருளை அதன் நிறுவனமே கைவிட்டுவிட்டது. புதிய மென்பொருளில் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதறிவிடும். கடையில் ஒரு பழைய கணினியில் மட்டும் அது இன்னும் ஓடியது.

“எனக்கு முகூர்த்த வேலை, செத்த நேரமும் இல்லய்யா” என்றார் கடைக்காரம்மா. “நீங்களே உக்காந்து பாருங்க, சொல்லித் தாரேன். மணிக்கு அம்பது ரூவா.”

படத்தில் கல்லறைக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் அதைச் சுற்றி எட்டுக் கறுப்புப் புள்ளிகள் வரும். மறுபடி சொடுக்கினால் புள்ளிகள் அம்புகளாக மாறும். இழுத்தால் கட்டம் சுழலும். இதைப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

“ஒருத்தரப் பேத்துப் பாதையில வச்சிட்டியளே! அவிய வீட்டாளு பாத்தா சண்டைக்கு வருவாக” என்று சிரித்தார் கடைக்காரம்மா. வீட்டில் என்னைப் பார்த்து யாரும் சிரித்து நாளாகிறது. கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள், சுவரும் தலைப்பும் இருந்த அடுக்கை அசையாதபடி பூட்டிவிட்டு, மீதி எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்வு செய்யக் கற்றுத்தந்தார். திரையின் அடிவரியில் 184 என்று வந்தது. காகிதத்தில் மூன்று முறை எண்ணியிருக்கிறேன். 183தான்.

“கட்டத்தையும் எண்ணியிருக்கியளா?” என்று திரும்பிப் பார்த்தார். “அப்பம் ஏதோ ஒண்ணுக்கு அடியில ஒண்ணு கெடக்கு. முன்ன வேல பாத்தவரு நகல் எடுத்து அடியில தள்ளிட்டு, இழுத்து வைக்க மறந்திருப்பாரு.”

நேராக என் மனைவியின் கட்டத்துக்குப் போக மனம் துணியவில்லை. ஒன்றிலிருந்து தொடங்கினேன். நகர்த்துவதும் பழைய இடத்தில் வைப்பதுமாகத் தொண்ணூற்றாறு கட்டங்கள். அடியில் வெறும் வெள்ளை. தொண்ணூற்றேழு அவளுடையது. நகர்த்தினேன். அடியில் அதே அளவில் இன்னொரு கட்டம், உள்ளே ‘97-அ’.

நானே இழுத்து மதில் ஓரம் வைத்தேன். கோடு இரண்டு முறை சுவரில் ஏறியது.

செயலர் புதிய படத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்திட்டார். “97-அ ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி. அதுக்காக அவசரப்பட வேண்டாம்.”

மறுநாள் காலை பத்தே கால் ஆனது. வீட்டில் கடிகாரம் தவிர வேறு சத்தமில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

“வேல முடிஞ்சிட்டே, பொறவு என்னய்யா?”

“வட்டம் போடத் தெரியாதே” என்றேன்.

அன்றைக்கு அவர் கட்டணம் வாங்கவில்லை. டீ மட்டும் வழக்கம்போல் இருவருக்கும் நான் சொன்னேன்.

பஸ் பத்து நாளுக்கு முந்நூறு, பாடம் ஒன்பது மணி நேரத்துக்கு நானூற்று ஐம்பது, படம் இரண்டு பிரதி அறுபது, டீ இருபது கிளாஸ் இருநூறு. ஆக ஆயிரத்துப் பத்து ரூபாய்.