என் பெயருக்கு வந்த சர்க்கார் காசு

அன்று ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் அப்பா, அம்மா, நான், எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி வாத்தியார். மேசைக்குப் பின்னால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி உட்கார்ந்திருந்தார். பெரிய துரை வரவில்லை. சர்க்காரும் வரவில்லை, ஆனால் பேசியதெல்லாம் அந்த இருவர் பெயரில்தான்.

ரெங்கம் ரயிலடிக்கு உட்புறம் எங்கள் ரப்பர் தோட்டம். பள்ளியில் நான்காம் வகுப்புக்கு மேல் கிடையாது. நான்காவதை நான் இரண்டு முறை படித்தாயிற்று. பக்கத்து டவுனான குளுவாங்கில் இங்கிலீஷ் பள்ளியில் ஜனவரியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை விட்டால் வயது கடந்துவிடும். கிராணியோ, பிப்ரவரியில் சர்க்கார் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்துபோகும்வரை என்னை விட முடியாது என்றார்.

தோட்டப் பள்ளிக்குச் சர்க்கார் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும். அதற்குப் பிள்ளைகள் இன்ஸ்பெக்டர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். தடுமாறாமல் வாசிப்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்களில் பாதிப் பேரைப் புல் வெட்டும் வேலையிலிருந்து அன்று மட்டும் கூட்டிவந்து, முகம் கழுவி விபூதி பூசி உட்கார வைப்பார்கள். வாத்தியாருக்கே பத்து மணிக்குமேல் ரப்பர் பால் நிறுக்கும் வேலை. இந்த லட்சணத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதுதான் நான் செய்த குற்றம்.

"இவன் போயிட்டா சர்க்கார் காசு குறையும்பா. துரைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் கிராணி.

"அந்தக் காசை இவன்கூடவே அனுப்பிடுங்கய்யா," என்றார் அப்பா. "இங்க உக்காந்தாலும் குளுவாங்குல உக்காந்தாலும் அதே தலைதானுங்களே?"

கிராணி வாய்விட்டுச் சிரித்தார். "அலமாக்! கேட்டீங்களா வாத்தியாரே, சர்க்காருக்கே கணக்குச் சொல்லித் தராரு. பால் வாளிய அப்படி வெச்சுட்டு வாங்க சாமி, இந்த நாற்காலில நீங்களே உக்காருங்க."

வாத்தியார் சிரிக்கவில்லை, எங்களுக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. முந்தின வாரம்தான், "இவனை இங்கே வைத்துக் கெடுக்காதீர்கள்" என்று அப்பாவிடம் சொன்னவர். அவர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

கிராணி குரலை இறக்கினார். "புள்ளைய அனுப்பினா, நாளையிலேருந்து உன் பொண்டாட்டி பேரைப் பெரட்டுல கூப்பிட மாட்டாங்க. யோசிச்சுக்க."

அம்மா, "பேரை வெட்டிக்குங்க," என்றாள். "எம்புள்ள போவட்டும்."

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் மற்ற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அம்மா கூடையோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஜனவரியில் நான் குளுவாங்குக்குத் தினமும் ரயிலில் போய்வர ஆரம்பித்தேன். அதுவும் சர்க்கார் உதவி பெறும் பள்ளிதான்; ஆனாலும் மாதாமாதம் எங்களிடம் பள்ளிச் சம்பளம் வாங்கியது.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், புல் வெட்டுக்குப் போகும் என் சிநேகிதன் வழியில் மறித்துக்கொண்டான்.

"டேய், நேத்து நீ பிரமாதமா வாசிச்சடா! இன்ஸ்பெக்டர் முதுகுல தட்டிக் கொடுத்தாரு."

"நேத்து நான் குளுவாங்குல இருந்தேன்டா."

"ஆளுதான் அங்க. பேரு இங்கதான லா இருக்கு! உன் பேரைக் கூப்பிட்டாங்க, கங்காணி மவன் எந்திரிச்சு 'உள்ளேன் ஐயா'ன்னான். ஒரு பக்கத்த ஒரு மாசமா வாத்தியாரு மனப்பாடம் பண்ண வெச்சிருக்காரு."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு தலையும் குறையவில்லை, சர்க்கார் காசும் குறையப்போவதில்லை. பிறகு அம்மாவின் பெயரை எதற்கு வெட்டினார்கள்? அப்பா போய்க் கேட்டார். "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டுக் கிராணி உள்ளே போய்விட்டார்.

அந்த வருஷம் முழுவதும் அம்மாவுக்கு வேலை கிடைக்கவில்லை. என் படிப்புக்கென்று சர்க்கார் கொடுத்த காசு தோட்டத்துக்குப் போயிற்று. எங்கள் வீட்டிலிருந்து போனது, பள்ளிச் சம்பளம் முப்பது வெள்ளி, ரயிலுக்குப் பதினெட்டு, அம்மாவின் கூலி நூற்றிருபது. ஆக நூற்று அறுபத்தெட்டு வெள்ளி.