கிராக் காப்பியும் கல்யாணப் பத்திரிகையும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் எனக்கு வந்த முதல் அவசர அழைப்பு பம்மலிலிருந்து. அச்சகம் நடத்தும் தேவராஜ் அண்ணா போனில் கத்தினார்.

“சிஸ்டம் ஆனே ஆவல மா! கல்யாணப் பொண்ணோட அப்பா பத்திரிகை வாங்க வந்துகினு கீறாரு. மொத பத்திரிகைய கொலதெய்வத்துக்கு வெக்க இன்னிக்கே ட்ரெய்ன் ஏறணுமாம்!”

பல்லாவரம் சந்தை நெரிசலில் ஷேர் ஆட்டோ ஊர்ந்தது. கடைக்குள் போனதும் வரிசையாகப் பார்த்தேன். ரேம் நன்றாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்கும் நன்றாக இருந்தது. விண்டோஸ் மட்டும் பூட் ஆகவில்லை. யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறியிருந்தது.

“லைசென்ஸ் இருக்கா அண்ணா? இருந்தா கம்பெனி சப்போர்ட்டக் கூப்பிடலாம்.”

“லைசென்ஸா? ஃப்ரெண்டு ஒருத்தன் டீ குடிச்சிகினே போட்டுக் குட்த்தான். விண்டோஸ் ஃப்ரீ தான?”

விலைக்கு வாங்க வேண்டியதை அவர் கிராக் காப்பியாக ஓட்டியிருந்தார். அப்டேட் இல்லை, கேட்க ஆளும் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய, நிஜமாகவே இலவசமான லினக்ஸ் என் பையில், ஒரு பென்டிரைவில் இருந்தது. “இது லினக்ஸ், நெஜமாவே ஃப்ரீ அண்ணா” என்று சொல்லி அதைச் செருகி பூட் செய்தேன். ஃபைல்கள் அத்தனையும் பத்திரம்! வேர்டில் அடித்திருந்த பத்திரிகையைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா உள்ளே வந்தார். “இன்னாபா இது? மாப்ள பேரு எங்க?”

“பேக்ரவுண்ட் டிசைன் சார்,” என்றார் தேவராஜ் அண்ணா, கண் இமைக்காமல்.

பத்திரிகையை அடித்திருந்தது யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் ஃபான்டில். லினக்ஸில் அது இல்லை. லினக்ஸ் பயனர்களின் ஆன்லைன் குழுவில் கேள்வியைப் போட்டேன். முகம் தெரியாத ஒருவர் உடனே பதில் எழுதினார்: “பழைய டிஸ்க்லயே ஃபான்ட் ஃபோல்டர் இருக்கும். அங்கிருந்து காப்பி பண்ணுங்க.” செய்தேன். “திருமண அழைப்பிதழ்” என்று திரையில் வந்ததும் நானே கைதட்டிவிட்டேன். பிரின்டரையும் லினக்ஸ் தானாகவே கண்டுகொண்டது. முதல் கட்டு சூடாக வெளியே வர, பெண்ணின் அப்பா அதை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

“கடைல கீற மூணு சிஸ்டத்துலயும் இதையே போட்டுடு மா!” என்றார் தேவராஜ் அண்ணா.

“ரெண்டுல போடலாம் அண்ணா. உங்க டிசைன் சாஃப்ட்வேர் இதுல ஓடாது. அந்த ஒண்ணுக்கு விண்டோஸ் லைசென்ஸ் வாங்கிடுங்க.”

முனகிக்கொண்டே தலையாட்டினார். என் பில்லைப் பார்த்ததும் நிமிர்ந்தார். “லினக்ஸ் ஃப்ரீன்னு சொன்னியே?”

“லினக்ஸ் ஃப்ரீதான் அண்ணா. நான் ஃப்ரீ இல்ல.”

சிரித்துவிட்டுக் கொடுத்தார். எது மலிவு என்று இப்போது யார் கேட்டாலும், விலையைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: “நின்னுபோச்சுன்னா யாரக் கூப்பிடுவீங்க?”