செவிகொடுப்பது பற்றி ஓர் உரை

இன்று மாலை எங்கள் பங்கின் ஆண்கள் சபைக் கூட்டத்துக்கு மன்னாரிலிருந்து ஒரு ஃபாதர் பேச வந்திருந்தார். தலைப்பு: "பிறருக்குச் செவிகொடுப்போம்."

செபம் முடிந்து வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. அவரை அறிமுகம் செய்தவர் ஃபாதரின் பிறப்பில் தொடங்கிக் குருப்பட்டம் வரை வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. பொன்னாடை போர்த்தியவரும் சும்மா இறங்கவில்லை.

ஃபாதர் எழுந்தார். "கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேணும். நீங்கள் கதைச்சதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன். அதுதான் என்ரை உரை."

ஆசீர் அளித்துவிட்டுப் போய்விட்டார்.

நன்றியுரை என்னுடையது. எழுதி வந்ததை வீணாக்க மனமில்லை. அவருடைய ஆழமான உரைக்கு நன்றி என்று, வெறும் கதிரையைப் பார்த்து, முழுவதையும் வாசித்தேன்.

தலைவருக்குப் பெரிய திருப்தி. "ஃபாதரை அடுத்த மாசமும் கூப்பிடுவம் தம்பி. நல்ல சுருக்கமாய்க் கதைக்கிறார்."

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, வாசிக்கிற நீங்கள் ஒரு தலைப்புச் சொல்லுங்கள். நாங்கள் நன்றாகச் செவிகொடுப்போம்.